பட்டி பூசிய டிரைலோபைட்

அக்கா மகன் போன மாதம் ஆன்லைனில் ஒரு டிரைலோபைட் வாங்கினான். உள்ளங்கை அளவு சாம்பல் நிறக் கல், அதன் மேல் முதுகெல்லாம் முள்ளாக நிற்கும் ஒரு பழங்காலக் கடல் பிராணி. மொராக்கோவில் கிடைத்தது, வயது 39 கோடி ஆண்டு என்று அட்டையில் எழுதியிருந்தது. "மாமா, இது நிஜந்தானா?" என்று சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டான்.

வேலூரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதைபடிவம் பார்த்துப் பழகக் கல் கிடையாது. கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகளும் ஜவ்வாது மலையும் பெரும்பாலும் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவான பாறைகள். ஓடும் எலும்பும் உள்ள விலங்குகள் தோன்றியே 60 கோடி ஆண்டு ஆகவில்லை. அதனால் "ஜவ்வாது மலையில் எடுத்த சங்கு" என்று யாராவது நீட்டினால், அது பொய் என்று சொல்ல லென்ஸ் எடுக்கத் தேவையே இல்லை. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் பிராணி வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம், கல்மரம் பார்க்கத் திருவக்கரை, இலைப் பதிவுக்கு ஸ்ரீபெரும்புதூர். எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

சரி, டிரைலோபைட்டுக்கு வருவோம். மொராக்கோவில் இவை கெட்டியான சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கின்றன. பாறையைச் சுத்தியலால் பிளக்கும்போது, உள்ளே இருக்கும் பிராணியும் சேர்ந்தே பிளக்கிறது. அந்த விரிசலில் கருப்புக் கோடு தெரிந்தால்தான் உள்ளே ஒன்று இருப்பதே தெரியும். பிறகு இரண்டு துண்டையும் ஒட்டி, சுற்றியுள்ள பாறையை ஊசிக் கருவியால் மணிக்கணக்கில் செதுக்கி எடுக்கிறார்கள். ஆகவே நிஜமான டிரைலோபைட்டில், பாறையில் தொடங்கி உடலைக் கடந்து மறுபக்கப் பாறைக்குப் போகும் ஓர் ஒட்டுக் கோடு அநேகமாக இருக்கும். வாங்குபவர்கள் அந்தக் கோட்டைக் குறை என்று நினைக்கிறார்கள். எனக்கோ அதைப் பார்த்தால்தான் நிம்மதி. ஒரு விரிசலும் இல்லாமல் முழுசாக, மலிவாக வருவதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

செதுக்கும்போது உடைந்துபோன முட்கள் எல்லாம் பிசினால் நிரப்பப்படுகின்றன. கார் டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கதவுக்கு வைக்கும் பட்டி மாதிரியான பொருள்தான். முழு உடலையுமே அச்சில் வார்த்து, நிஜப் பாறையில் பதித்து விற்பவர்களும் உண்டு. பிசின் கலக்கும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். இறுகிய பின் குண்டூசி முனையளவு வட்டக் குழிகளாக அது தெரியும். கடல் அடிச் சேற்றில் மெல்ல உருவான பாறையில் அப்படிப்பட்ட உருண்டைக் குமிழ்கள் வருவதில்லை.

நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கி வந்தேன். முதலில் கண்ணைப் பார்த்தோம். டிரைலோபைட்டின் கண் வில்லைகள் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை, அதனால்தான் இத்தனை கோடி ஆண்டு கழித்தும் மிஞ்சியிருக்கின்றன. இவன் வாங்கியதில் வில்லைகள் வரிசை பிசகாமல் நின்றன. வார்ப்பில் இவ்வளவு நுணுக்கம் பெரும்பாலும் மழுங்கிப்போகும். உடலைக் கடக்கும் ஒட்டுக் கோடும் இருந்தது. பையன் முகம் மலர்ந்தது.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, கடைகளில் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தோம். நான்கு முட்கள் மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. பல பிசின்களும் பசைகளும் இப்படி ஒளிரும். சில கால்சைட்டும் ஒளிரும் என்பதால், ஒளிர்கிறதா என்பதைவிட, ஒரே உடலில் இடத்துக்கு இடம் வேறுபடுகிறதா என்று பார்ப்பதே சரி. அந்த நான்கு முள்ளிலும் லென்ஸில் குமிழ்க் குழிகள் தெரிந்தன. சூடான ஊசியை வைத்தால் பிளாஸ்டிக் வாடை வருமே என்றான். வரும், ஆனால் தழும்பும் விழும். ஆசிட் இன்னும் மோசம், நிஜக் கால்சைட்டையே அரித்துவிடும். இரண்டையும் வேண்டாம் என்றேன்.

இதைவிடக் கடினமான ஏமாற்று, எல்லாத் துண்டும் நிஜமாக இருப்பது. 1999-இல் சீனாவின் ஆர்க்கியோராப்டர் என்ற புதைபடிவத்தை, டைனோசருக்கும் பறவைக்கும் நடுவே நின்ற உயிர் என்று நேஷனல் ஜியாகிரபிக் இதழ் வெளியிட்டது. சி.டி. ஸ்கேனில் பார்த்தால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பறவையின் உடலில் வேறொரு சிறு டைனோசரின் வாலை ஒட்டியிருந்தார்கள். மோசசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மொராக்கோ தாடைகளிலும் இதே கதைதான்: பல் நிஜம், ஆனால் வெவ்வேறு விலங்குகளுடையவை, தாடை என்பது மணலும் பசையும். பல்லின் வேர் எலும்போடு எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பது குற்றமில்லை. அருங்காட்சியகங்களும் செய்கின்றன, எது புதிது என்று எழுதியும் வைக்கின்றன. இவனுக்கு விற்றவர் அதைச் சொல்லியிருந்தால் பாதி விலைக்கு மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பான்.

பழைய அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் அவனே எழுதினான்: "உடல், கண் நிஜம். இடப்பக்கம் நான்கு முள் பட்டி."