தத்துக் கொடுத்த தங்கையைத் தேடி வருபவர்களுக்கு

குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். வருடத்துக்கு நாலைந்து பேராவது வழக்கு எதுவும் இல்லாமல், "சின்ன வயசுல தத்துக் கொடுத்த தங்கச்சியக் கண்டுபிடிக்கணும்மா" என்று வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் அம்மா கடைசிக் காலத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதுவரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள்.

நான் முதலில் கேட்பது, குழந்தையை உறவுக்குள் கொடுத்தார்களா, குழந்தைகள் இல்லத்தில் விட்டார்களா என்பதைத்தான். இரண்டுக்கும் வழி வேறு.

உறவுக்குள் என்றால் எல்லோரும் தத்துப் பத்திரம் தேடி நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் பத்திரப் பதிவு கட்டாயம் இல்லை. முறையாகக் குழந்தையைக் கொடுத்து வாங்கியிருந்தால் போதும். அதற்கு முன்பு பெண் குழந்தையைத் தத்தெடுப்பதை இந்துச் சட்டம் பொதுவாக ஏற்றதே இல்லை. ஆகவே பத்திரம் இல்லையென்று மனம் விட்டுவிடாதீர்கள். வளர்த்தவரின் பெயரும் ஊரும் தெரிந்தால் அவருடைய நிலங்களுக்கு வில்லங்கச் சான்று போட்டு, பத்திர நகல்களை வாங்கிப் படியுங்கள். பழைய பத்திரங்களில் 'சுவீகார புத்திரி' (தத்து மகள்) என்று உறவைச் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும்.

பெயரே தெரியாவிட்டால் பரணில் இருக்கும் மொய் நோட்டை எடுங்கள். நான் இதை எல்லோரிடமும் சொல்வேன். ஊர், பெயர், தொகை என்று மூன்றே விவரம்தான், ஆனால் வீட்டார் வாய்விட்டுச் சொல்லாத உறவுகூட அதில் பதிவாகியிருக்கும். ஒரு குடும்பத்தின் மூன்று விசேஷ நோட்டுகளிலும் ஒரே ஊர்க்காரர் தாய்மாமனுக்கு ஈடாகச் செய்திருந்தார். அவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. விசாரித்தால், அவர்தான் குழந்தையை வாங்கி வளர்த்தவர்.

கண்டுபிடித்த கையோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். தான் தத்துப்பிள்ளை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். விவரம் அறிந்த ஒரு பெரியவரை முதலில் அனுப்புங்கள்.

இல்லத்தில் விட்டிருந்தால் நிலைமை கடினம். 2022-ஆம் வருடத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைப்படி, வேரை, அதாவது பெற்ற குடும்பத்தைத் தேடும் உரிமை தத்துப் போனவருக்கு உண்டு. 18 வயது முடிந்தால் அவரே 'காரா' எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கீழ் என்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்து. மூன்றாம் நபர் தேட அனுமதி கிடையாது. உடன்பிறந்தவர்களுக்கு இது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "பணம் கொடுத்தால் ஃபைலை எடுத்துத் தருகிறோம்" என்று வரும் தரகரை நம்பாதீர்கள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் பலர் டிஎன்ஏ சோதனை செய்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்தத் தரவுகளில் குறைவு என்பதால் தூரத்துச் சொந்தங்களே அதிகம் கிடைக்கின்றன. நீங்களும் சோதனை கொடுத்து வைத்தால், அவர் தேடும்போது நீங்கள் அகப்படுவீர்கள்.

போன வருடம் வந்த ஒரு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். தகவல் எதுவும் கேட்காமல், அம்மா பெயர், ஊர், தன் போன் நம்பர் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய், குழந்தையின் ஃபைலோடு வைக்கும்படி இல்லத்தில் கொடுத்தார். கவரின் மேல் தங்கை பிறந்த தேதி மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்குள் கொடுத்துவிட்டார்களாம்.