மெமரி கார்டு டிரைவரும் 'ஒதுக்கப்பட்ட' பிட்களும்

எஸ்டி கார்டைப் படிப்பதும் எழுதுவதும் கணினியில் உள்ள ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற சில்லின் வேலை. அதை ஆட்டிவைப்பது டிரைவர் என்ற மென்பொருள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவிடங்களில் பிட்களை 0 அல்லது 1 ஆக மாற்றித்தான் டிரைவர் கட்டளையிடுகிறது. எந்தப் பிட்டுக்கு என்ன வேலை என்று எஸ்டி ஹோஸ்ட் கன்ட்ரோலருக்கான தரநிலை ஆவணத்தில் அட்டவணை உண்டு. சில பிட்களுக்கு எதிரே 'ஒதுக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும். இப்போது வேலையில்லை, பின்னால் வரலாம்.

வந்தும் இருக்கிறது. ஹெக்ஸ் எண்ணில் 28 என்ற முகவரியில் உள்ளது 'ஹோஸ்ட் கன்ட்ரோல் 1', 8 பிட் ரெஜிஸ்டர். பிட்களை வலமிருந்து 0, 1, 2 என்று எண்ணுவார்கள். அதில் பிட் 1 தரவுப் பாதையை 4 கம்பியாக்கும். பிட் 2 அதிவேகத்தை இயக்கும். பிட் 5, தரநிலையின் 2.00 பதிப்பு வரை சும்மா கிடந்தது. 3.00 பதிப்பில் அதற்கு 8 கம்பிப் பாதையைத் திறக்கும் வேலை கிடைத்தது. எஸ்டி கார்டிலோ தரவுக் கம்பிகள் நான்குதான். பழைய டிரைவர் ஒன்று கவனமில்லாமல் அந்தப் பிட்டில் 1 எழுதிவந்தால், பழைய கன்ட்ரோலரில் ஒன்றும் ஆகாது. புதியதில் கன்ட்ரோலர் 8 கம்பிகளில் தரவை எதிர்பார்க்கும், கார்டு நான்கில் அனுப்பும். தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையில் பிழைகள் கொட்டும். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அப்படியானால் எப்போதும் 0 எழுதிவிடலாமா? பெரும்பாலும் ஆபத்தில்லை, 0 என்றால் புது வசதி அணைந்திருக்கும்படிதான் பொதுவாக வடிவமைப்பார்கள். ஆனால் டிரைவருக்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் மென்பொருள்) ஏதோ காரணத்துக்காக அதே பிட்டை 1 ஆக்கி வைத்திருக்கலாம். அதனால்தான் படித்து, தன் பிட்டை மட்டும் மாற்றி, திருப்பி எழுதும் வழக்கம். அதிவேகம் இயங்குகிறது, ரெஜிஸ்டரில் 00000100 இருக்கிறது. 4 கம்பிக்கு மாற 00000010 என்று நேரே எழுதினால் அதிவேகம் அணைந்துபோகும். படித்த மதிப்போடு 'ஆர்' செய்தால், அதாவது இரண்டில் ஒன்றில் 1 இருந்தாலும் 1 என்று சேர்த்தால், 00000110. மற்றவை இருந்தபடியே இருக்கும். லினக்ஸ் டிரைவர் பாதையின் அகலத்தை மாற்றும்போது, 8 கம்பி வசதி உண்டென்று தெரிந்தால்தான் பிட் 5-ஐத் தொடுகிறது. எல்லா டிரைவர்களிலும் நான் எதிர்பார்க்கும் கட்டுப்பாடு இதுதான்.

ஆனால் இதையே எல்லா ரெஜிஸ்டருக்கும் விதியாக்கினால் வேறு விபரீதம். கன்ட்ரோலர் ஒரு வேலை முடிந்ததும் டிரைவரை அழைக்கும் சமிக்ஞைதான் குறுக்கீடு. அந்தக் குறுக்கீட்டு நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரில் 1 எழுதினால்தான் பிட் அழியும். 'கட்டளை முடிந்தது' பிட் 0, 'பரிமாற்றம் முடிந்தது' பிட் 1. இரண்டும் ஒரே நேரத்தில் 1 ஆக நிற்கின்றன என்று வையுங்கள். பிட் 0-ஐ மட்டும் அழிக்க நினைத்து, படித்த மதிப்பையே 'ஆர்' செய்து திருப்பி எழுதினால் 11 போய்ச் சேரும், இரண்டும் அழிந்துவிடும். பரிமாற்றம் முடிந்த சேதி கிடைக்காமல், காலக்கெடு தீரும்வரை டிரைவர் காத்துக்கிடக்கும். இங்கே 01 எழுதி, ஒதுக்கப்பட்டவை உட்பட மற்றெல்லாவற்றுக்கும் 0 கொடுப்பதே சரி. கணினிக்குள் சாதனங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் தரநிலை, ஒதுக்கப்பட்ட பிட்களையே இரண்டு வகையாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது: இருந்த மதிப்பைக் காப்பாற்ற வேண்டியவை ஒன்று, 0 மட்டுமே எழுத வேண்டியவை மற்றொன்று.