பதினாறு இலை சேர்ந்து கிடைக்காத பந்தி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நிரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது எஃப்க்யூ கோடெல். 2012-இல் லினக்ஸ் 3.5-உடன் வந்தது. வெளியேறக் காத்திருக்கும் தரவுப் பொட்டலங்களை 1,024 வரிசைகளாகப் பிரித்து, முறை வைத்து அனுப்பும். ஒருவர் பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கையில் பக்கத்து அறையின் காணொலி அழைப்பு திணறாமல் ஓட இதுபோன்ற ஏற்பாடு கைகொடுக்கிறது.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணக்கேடு உண்டு, 64 பைட்டுக்கு மிகாமல். எல்லாவற்றுக்கும் சேர்த்து 64 கிலோபைட். கெர்னல் நினைவகத்தைப் ‘பக்கம்’ என்ற துண்டுகளாகப் பங்கிடும். அந்தக் கணக்கில் இது 4 கிலோபைட் பக்கங்கள் பதினாறு. பல கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் இதுகூடவா கிடைக்காது? சில நேரம் கிடைக்காது. கல்யாணப் பந்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது இலை காலியாக இருக்கும். சேர்ந்துதான் உட்காருவோம் என்று வரும் பதினாறு பேருக்கு இடம் இருக்காது. பல நாள் ஓடிய கணினியின் நினைவகமும் அப்படித்தான் துண்டுதுண்டாகிவிடுகிறது.

நினைவகம் கேட்டு வாங்கித் தரும் கே-மலாக் என்னும் செயற்கூறு அடுத்தடுத்த இடத்தையே கேட்கும். 2017-இல் லினக்ஸ் 4.12 பதிப்பில் வந்த கேவி-மலாக் முதலில் அப்படிக் கேட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் சிதறிக் கிடக்கும் பக்கங்களை எடுத்து, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணை மூலம் அவற்றுக்குத் தொடர்ச்சியான முகவரி கொடுத்துவிடும். இந்தக் கேட்பெல்லாம் எஃப்க்யூ கோடெலை நிறுவும்போதே முடிந்துவிடுகிறது. பொட்டலம் வந்து நிற்கும் வேளையில் நினைவகத்துக்காகக் காத்திருக்க கெர்னலால் முடியாது.

அப்படியும் இடம் கிடைக்காமல் போகலாம். உண்மையான ஆபத்து அங்கேதான் ஒளிந்திருந்தது. எஃப்க்யூ கோடெல் முதலில் ‘வரிசைகள் 1,024’ என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் பிழை திரும்பினால், அதை அழைத்த நிரல் பொறுப்பாகத் துப்புரவு செய்ய வரும். குறிப்பில் 1,024 என்றிருப்பதால் முதல் வரிசையைக் காலி செய்யப் போகும். அங்கே வரிசையே இல்லை. வரிசை இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய சுட்டி வெறுமையைக் காட்டுகிறது. நினைவகம் கேட்டுக் கிடைக்காததோடு போயிருக்க வேண்டியது, கெர்னலின் நிலைகுலைவாக முடிந்தது.

2018-இல் செய்த திருத்தத்தின் உயிர் ஒரே வரி: தோல்வியடைந்தால் வரிசை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கு. துப்புரவுச் சுழல் ஒரு முறையும் ஓடாமல் திரும்பிவிடும். நான் படித்த நிரல் வரிகளில் இவ்வளவு நேர்மையானது குறைவு. இல்லாததை இல்லை என்று ஏட்டில் எழுதிவைக்கிறது, அவ்வளவுதான்.

எஸ்எஃப்க்யூ என்ற பழைய வரிசை நிரலிலும் இதே போன்ற குறை இருந்தது. நினைவகம் கிடைக்காமல் பாதியில் நின்றபோது, துப்புரவு நிரல் இன்னும் தயார்செய்யப்படாத டைமரை நிறுத்தப் போய் விழுந்தது. 2017-இல் டைமரைத் தயார்செய்யும் வரியை எல்லாவற்றுக்கும் மேலே நகர்த்திச் சரிசெய்தார்கள்.

இத்தகைய பாதைகள் அன்றாட ஓட்டத்தில் மிதிபடுவதே இல்லை. அதனால் கெர்னலிலேயே ‘ஃபெயில்ஸ்லாப்’ என்றொரு வசதி உண்டு. இருக்கிற நினைவகத்தையும் இல்லை என்று வேண்டுமென்றே கைவிரிக்கும் அது. வரிசை நிரல் எழுதுகிறவர்கள் அதை ஓடவிட்டு, தங்கள் நிரல் எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.