‘ட்ரிவியா’வுக்குத் தமிழ் அற்பமா, துணுக்கா?

கொழும்பில் தயாராகும் தமிழ்த் தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சி ஒன்றில் ஆங்கிலத்தின் ‘ட்ரிவியா’வை மொழிபெயர்த்து ஒரு சுற்றுக்கு ‘அற்பத் தகவல் சுற்று’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை அந்தப் பெயர் திரையில் வருகிறது. தொகுப்பாளரும் தயக்கமில்லாமல் வாசிக்கிறார். கடைசியாகப் பார்த்தபோது ஒரு பாடசாலை மாணவியிடம் கேட்டார்கள்: கொழும்பு கோட்டைப் பகுதியில் உள்ள எந்த மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் வெளிச்சவீடாகவும் இருந்தது? ஜனாதிபதி மாவத்தையும் சத்தாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் இருப்பது என்று அந்தப் பிள்ளை பளிச்சென்று சொன்னாள். “அற்பத் தகவலில் உங்களுக்கு முழுப் புள்ளி!” என்றார் தொகுப்பாளர்.

சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததை அவர் வாசித்தார். எழுதிக் கொடுத்தவரோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் மூலச் சொல். இலத்தீனில் ‘ட்ரி’ என்றால் மூன்று, ‘வியா’ என்றால் வழி. மூன்று வழி கூடும் இடம் ‘ட்ரிவியம்’, அதன் பன்மை ‘ட்ரிவியா’. நம் முச்சந்தி அப்படியே. சந்தியில் அகப்படுவது, எவரும் அறிந்தது என்ற பொருளில் ‘ட்ரிவியல்’ என்ற பெயரடை வந்தது. இடைக்கால ஐரோப்பியக் கல்வியில் இலக்கணம், தருக்கம், சொற்கலை ஆகிய மூன்றுக்கும் ‘ட்ரிவியம்’ என்றே பெயர். இன்றைய பொருள் மிகவும் பிந்தியது. 1965 அளவில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர்கள், பழைய திரைப்படங்களிலும் வானொலி நாடகங்களிலும் வந்த சின்னச் சின்ன விவரங்களை ஒருவரையொருவர் கேட்டு மடக்கும் விளையாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1979இல் கனடாவில் இருவர் உருவாக்கிய ஒரு பலகை விளையாட்டு அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. வரலாறு இவ்வளவு போதும்.

நமக்கு வேண்டியது இன்றைய பொருள்: தெரியாவிட்டால் நட்டமில்லை, தெரிந்திருந்தால் மகிழ்ச்சி என்ற வகையான சிறு தகவல். இந்தப் பொருளுக்கு ‘அற்பம்’ பொருந்துமா?

மொழிபெயர்த்தவர் செய்தது தெளிவாகத் தெரிகிறது. ‘ட்ரிவியா’ என்று தேடியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ‘ட்ரிவியல்’ கண்ணில் பட்டது. அதற்கு நேரே ‘அற்பமான’ என்று அகராதி சொன்னது. பெயரடையின் பொருளைத் தூக்கிப் பெயர்ச்சொல்லின் தலையில் வைத்துவிட்டார். ஆங்கிலத்திலேயே இரண்டும் பிரிந்து பல பத்தாண்டுகளாயிற்று. ஒருவரின் கவலையை ‘ட்ரிவியல்’ என்றால் அவர் புண்படுவார். அவருக்கு நிறைய ‘ட்ரிவியா’ தெரியும் என்றால் மகிழ்வார்.

‘அற்பம்’ வடமொழி ‘அல்ப’த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சிறியது, கொஞ்சம் என்பதுதான் பொருள். தமிழிலும் அந்தப் பழைய பொருள் சில கூட்டுகளில் ஒட்டியிருக்கிறது. அற்பாயுசு என்றால் குறுகிய வாழ்நாள். இழிந்த வாழ்நாள் என்று எவரும் எடுப்பதில்லை. ஆனால் தனியே நிற்கும்போது அந்தச் சொல் எப்போதோ இழிவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அற்பன், அற்பத்தனம், அற்ப ஆசை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று பழமொழியே இருக்கிறது. இந்தச் சொல்லை ஒரு பிள்ளை கற்று வைத்திருந்த தகவலுக்கு முன்னால் ஒட்டினால், அவள் எதைக் கற்றாளோ அது கேவலமானது என்று ஆகிறது. சொல்பவர் அப்படி நினைக்கவில்லை என்பது விளக்கமாகாது. சொல்லுக்கு என்ன வழக்கோ அதுதான் கேட்பவர் காதில் விழும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1857இல் மணிக்கூட்டுக்காகக் கட்டினார்கள். 1867இல் அதன் உச்சியில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாக்கினார்கள். அப்புறம் சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்பிக் கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் போனதால் 1952இல் அந்த வேலையை நிறுத்தினார்கள். மணிக்கூடு இன்றும் இருக்கிறது. ஒரு துறைமுக நகரம் எப்படி வளர்ந்தது என்ற கதையே இதற்குள் அடங்குகிறது. இதில் அற்பம் எங்கே வந்தது?

இன்னொன்று. கோட்டைக்கு வெளியே இருக்கும் வணிகப் பகுதியை ஆங்கிலத்தில் ‘பெற்றா’ என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் நம் ‘பேட்டை’யிலிருந்து போனது. தமிழராகிய நாம் அதைப் பேட்டை என்று சொல்லாமல் புறக்கோட்டை என்கிறோம். தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் வைத்திருக்கிறது, தமிழ் வேறு சொல் வைத்திருக்கிறது. இப்படி ஒரு தகவலைக் கேட்டால் எவருக்கும் கண் விரியும். அதற்கு ‘அற்பம்’ என்று முத்திரை குத்துவதற்கு எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

சரி, ‘அற்பம்’ வேண்டாம் என்றால் ‘பொது அறிவு’ என்றே சொல்லிவிடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. முத்தையா முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் எத்தனை விக்கெட் எடுத்தார்? 800. இது பொது அறிவு. நாட்டில் வாழ்பவர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணூறாவது விக்கெட் யாருடையது, பிடி எடுத்தவர் யார்? 2010 யூலையில் காலி மைதானத்தில், இந்தியாவின் பிரக்யான் ஓஜா. பிடி எடுத்தவர் மஹேல ஜயவர்தன. முரளியின் கடைசி டெஸ்ட் போட்டியும் அதுதான். இது ட்ரிவியா. முதலாவது தெரியாவிட்டால் வெட்கம். இரண்டாவது தெரிந்தால் பெருமை. இந்த வேறுபாட்டை இரண்டு சொல்லால் காட்ட வேண்டியிருக்க, ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைப்பது மொழிக்கு நட்டம்.

‘பொது அறிவு’ என்ற நல்ல சொல்லுக்கே இப்போது இன்னொரு பக்கத்தில் ஆபத்து வந்திருக்கிறது. அதே நிகழ்ச்சியின் விளம்பரத்தில் ‘சாதாரண அறிவுப் போட்டி’ என்று ஒருமுறை போட்டார்கள். காரணம் கொழும்பில் இருப்பவர்களுக்குப் புரியும். சிங்களத்தில் பொது அறிவை ‘சாமான்ய தெனீம’ என்பார்கள். அதே ‘சாமான்ய’ என்ற சொல்தான் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சையின் பெயரிலும் வருகிறது. அங்கே ‘சாதாரண’ என்று பழகிய கை, இங்கேயும் ‘சாதாரண’ என்றே எழுதிவிடுகிறது. உயர்தர மாணவர்கள் எழுதும் ‘பொதுச் சாதாரண பரீட்சை’யின் பெயர் பிறந்த வழியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அது எப்படிச் சாதாரணமான பரீட்சை என்று எந்த மாணவருக்கும் விளங்காது. ஆங்கிலத்தில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை நனைத்துப் பிழிந்து, கடைசியில் தமிழில் காயப்போடுகிறார்கள். மூலத்தில் என்ன பொருள் இருந்தது என்று திரும்பிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. மும்மொழியும் தெரிந்தவர்கள் நிறைந்த நகரத்தில் இது நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேறு சொற்களையும் நிறுத்துப் பார்க்கலாம். மூலத்தைப் பின்பற்றி ‘முச்சந்தித் தகவல்’ என்று ஆக்கலாம் என நண்பர் ஒருவர் சொன்னார். படித்தவருக்குச் சுவையாக இருக்கும். ஆனால் தமிழில் சந்தி என்றவுடன் சந்தி சிரிக்கும் என்பதுதான் நினைவுக்கு வரும். குடும்பச் சண்டை சந்திக்கு வந்துவிட்டது என்போம். இலத்தீனின் சந்தி வேறு, நம் சந்தி வேறு. வேர் ஒத்திருப்பதால் கிளையும் ஒத்துவிடாது.

‘உதிரித் தகவல்’ இதைவிட நல்ல சொல். நம் வானொலி நேர்முக வர்ணனையிலும் பத்திரிகைகளிலும் துடுப்பாட்டத்துக்கு, அதாவது கிரிக்கெட்டுக்கு, எத்தனை அருமையான சொற்கள் புழங்குகின்றன! களத்தடுப்பு, பந்துவீச்சு, ஆட்டமிழப்பு. அவற்றோடு, துடுப்பாட்ட வீரரின் மட்டையில் படாமல் வரும் ஓட்டங்களுக்கு ‘உதிரிகள்’. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ‘மேலதிகம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், எவர் கணக்கிலும் சேராமல் தனியே நிற்பது எது என்று யோசித்து ஒரு சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். அந்த யோசனை இப்போது எங்கே போனது? இருந்தாலும் ட்ரிவியாவுக்கு உதிரி முழுதாகப் பொருந்தவில்லை. உதிரியில் ஒட்டாமல் கிடப்பது என்ற பொருள் மேலோங்குகிறது. ட்ரிவியாவோ பெரிய ஒன்றிலிருந்து கிள்ளி எடுத்த சிறு பகுதி.

அந்தப் பொருளைச் சரியாகத் தரும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: துணுக்கு. சிறு துண்டு என்று பொருள். துணிதல் என்றால் அறுபடுதல். துணி, துண்டு எல்லாம் அந்தக் குடும்பம். பத்திரிகைகளில் தலைமுறை தலைமுறையாகத் துணுக்குச் செய்தி, நகைச்சுவைத் துணுக்கு என்று படித்து வருகிறோம். பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சினால் அங்கே ஒரு துணுக்கு இருக்கும். கட்டுரையைப் படிக்காதவர்கூட அதைப் படித்துவிடுவார். ட்ரிவியா என்ற சொல்லில் உள்ள சிறிய அளவு, சுவை, படித்தவுடன் இன்னொருவரிடம் சொல்லத் தூண்டும் ஆசை மூன்றும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. இழிவு ஒன்றுதான் இதில் இல்லை. புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை, ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல்லே வேண்டும், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு ஆகாது என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1998இல் பிரித்தானியாவில் தொடங்கிய புகழ்பெற்ற வினாவிடை நிகழ்ச்சியின் பெயரில் உள்ள ‘மில்லியனர்’ கணக்குப்படி பத்து இலட்சத்துக்குச் சொந்தக்காரர். 2000இல் இந்தியில் அதைக் கோடிக்கு அதிபதி ஆக்கினார்கள். பின்னர் சிங்களத்தில் ‘லக்ஷபதி’ ஆக்கினார்கள். எவரும் ‘பத்து இலட்சத்தார்’ என்று எழுதவில்லை. அந்தந்த மொழியில் செல்வந்தர் என்றால் மனதில் எந்த எண் வருமோ அதையே வைத்தார்கள். இன்னொன்று கணிதத்திலிருந்து. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ட்ரிவியல்’ தீர்வை ‘வெளிப்படைத் தீர்வு’ என்கிறார்கள். எல்லா மாறிகளும் பூச்சியமாக இருக்கும் தீர்வு கணக்குப் போடாமலே தெரியும் என்பதால் அந்தப் பெயர். ‘அற்பத் தீர்வு’ என்று அவர்கள் எழுதவில்லை. இடத்துக்கு இடம் பொருளைப் பார்த்துச் சொல் போடுவதுதான் மொழிபெயர்ப்பு.

வினாக்களின் தன்மையைப் பற்றியும் நம் இலக்கணம் எப்போதோ சொல்லிவிட்டது. வினா ஆறு வகை என்கிறது நன்னூல்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஒருவர், மற்றவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகவோ அவருக்கு விளக்குவதற்காகவோ கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அப்படித்தான். தொலைக்காட்சியில் கேட்பது எல்லாமே அறிவினாதான், தொகுப்பாளரின் கையிலுள்ள அட்டையில் விடை இருக்கிறது. ‘வினாடி வினா’ என்ற பெயர் ஓசைக்கு நன்றாக இருக்கிறது, நானும் அதை எதிர்க்கவில்லை. பழைய கணக்கில் அறுபது விநாடி ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். ஆகவே ஒரு விநாடி என்பது நம் பாடநூல் சொல்லும் செக்கனில் 24. விடை சொல்ல அது தாராளமான நேரம். நம் பாடசாலைகளில் புழங்கும் ‘வினாவிடைப் போட்டி’யே எனக்கு விருப்பம். உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

ஆக, அந்தச் சுற்றுக்குப் பெயர் ‘துணுக்குச் சுற்று’, கேட்கும் கேள்வி ‘துணுக்கு வினா’. அப்படித் திரையில் போடும்போது ‘துணுக்கு சுற்று’ என்று போட்டுவிடாதீர்கள். துணுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடிவது. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ‘துணுக்கு வினா’வில் வருவது இடையினம், அங்கே மிகாது.