தீவில் பாசி எடுப்பதும் சாமி கும்பிடுவதும்: மன்னார் வளைகுடா மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

பாசி எடுக்கப் போய் வழக்கில் மாட்டிய பெண்கள் என் அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது ஜாமீனைப் பற்றி அல்ல. "மேடம், நாங்க திருடுனோமா?" என்றுதான் கேட்பார்கள். பாட்டி போன தீவுக்குப் பேத்தி போனால் எப்படிக் குற்றமாகும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை, புரியாததில் நியாயமும் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் கடலோர மக்களின் வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞராக, இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலுமாகச் சுமார் 560 சதுர கிலோமீட்டர் 1986 செப்டம்பரில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டி எடுத்து எடுத்தே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயிருக்கின்றன. ஆனால் பாறையை வெட்டி விற்றவர்களுக்கும் கையால் பாசி பறிக்கிறவர்களுக்கும் ஒரே கதவைச் சாத்தியதுதான் பிரச்சினை.

பாசி எடுக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விரல் நுனி ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகரத்தையோ பழைய செருப்பையோ கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று எதை எங்கே எவ்வளவு எடுத்தால் திரும்ப வளரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கெடுபிடி அதிகமானபோது தாங்களே கூடிப் பேசி மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தொடுவதில்லை, இனப்பெருக்கக் காலத்தில் ஓய்வு கொடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசும் கிடைத்தது. மறுபக்கம், வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்து மூடியதை 2008இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி ஓர் இடத்தைச் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ ஆக்கும் முன் அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். 21ஆம் பிரிவில் வட்டார மொழியில் பிரகடனம், அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நம் கோரிக்கை, பிறகு விசாரணை. இந்தப் பிரகடனத்தைப் பார்த்ததாகச் சொல்லும் ஒருவரைக்கூட என்னிடம் வந்த குடும்பங்களில் நான் சந்தித்ததில்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சரணாலயமாக இருந்தால் ஒருவரின் உரிமை தொடரட்டும் என்று ஆட்சியர் அனுமதிக்க 24(2)(சி) வழி வைத்திருக்கிறது, தேசியப் பூங்கா என்று வந்துவிட்டால் 35(3) அந்த ஒரு வரியை மட்டும் குறிப்பிட்டு விலக்கிவிடுகிறது. கடற்பகுதியைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்று சொல்லும் 26ஏ பிரிவோ 1991 திருத்தத்தில், அதாவது பூங்கா அறிவிப்புக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது.

அப்புறம் வழிபாடு. தீவில் இருக்கும் குலசாமிக்குப் பொங்கல் வைக்க வருடத்தில் ஒருநாள் போய்வர அனுமதி கேட்டால் அதிகாரி கையை விரிக்கிறார். அது அவருடைய கல்நெஞ்சம் இல்லை, 28ஆம் பிரிவின் கோளாறு. உள்ளே நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களாக அதில் வன உயிரின ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே வசிப்பவரோடு சட்டப்படியான தொழில் ஆகியவை இருக்கின்றன. சாமி கும்பிடுவது அதில் இல்லை. சுற்றுலாப் பயணியாக டிக்கெட் எடுத்துக் குருசடைத் தீவுக்குப் போகலாம், நேர்த்திக்கடனுக்குப் போக முடியாது என்ற நிலை எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

வேறு மாதிரியும் சட்டம் எழுத முடியும். இதே 1972 சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967இல் தரப்பட்ட வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தில் 211ஆம் பிரிவு, சொந்தத் தேவைக்கும் சமூகத் தேவைக்குமான மீன்பிடிப்பையும் பண்பாட்டு, ஆன்மிகச் சடங்குகளையும் காக்கிறது. அளவு குறைந்த 24 அபலோன் என்ற கடல் நத்தைகளை வைத்திருந்ததற்காக 2009இல் பிடிபட்ட நருங்கா இனத்தவர் இருவரின் வழக்கில், மாநில மீன்வளச் சட்டத்தால் அந்தப் பழைய உரிமை அழிந்துவிடவில்லை என்று அந்நாட்டின் உச்ச நீதி அமைப்பான உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. நம் பாக் விரிகுடாவிலேயே பாருங்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகப் பாதுகாப்பகம் அமைத்தார்கள். அது 1972 சட்டத்தின் 36ஏ பிரிவில் வரும் வகை. உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும், மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கு இடம் உண்டு. அங்கே மீனவர்கள் வலையில் சிக்கும் ஆவுளியாவை விடுவித்துப் பாதுகாவலர்களாகவே இருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் இப்போது நமக்கிருக்கும் நல்ல பிடி வன உரிமைச் சட்டம் 2006. மலைவாழ் மக்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதில் வன நிலம் என்பதற்குள் தேசியப் பூங்காவும் வருகிறது, 3(1)(டி) மீனையும் நீர்நிலைப் பொருட்களையும் சமூக உரிமையாகச் சொல்கிறது, 3(1)(எல்) வழிவழியாக அனுபவித்த பிற உரிமைகளைச் சேர்க்கிறது. வழிபாடும் அந்த உரிமைகளில் வரும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலையில் பழங்குடியினரின் வழிபாட்டு உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 2013 நியமகிரி தீர்ப்பு கைகொடுக்கும். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் 75 வருடம், அதாவது 1930 முதல் அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். கடலுக்கு இது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்கட்டும், வாதிட நமக்கு இடம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பாசி வியாபாரம் பெரிதானது 1960களில்தான். மனுவில் பாசியை மட்டும் எழுதினால் 1930 என்ற கேள்வியில் அடிபட்டுப் போகும். முன்னோர் சங்கு குளித்தது, மீன், நண்டு பிடித்தது, தீவில் விறகு பொறுக்கியது, புயலுக்கு ஒதுங்கியது, கோயில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வழக்கு விவகாரத்தில் மூன்று விஷயம். வெற்றுத் தாளிலோ படித்துக்காட்டாத தாளிலோ கையெழுத்தும் கைநாட்டும் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் உரிய வன அதிகாரி பதியும் வாக்குமூலம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாகவே நிற்கும். என்னிடம் வந்த ஒரு பெண் 'அபராத ரசீது' என்று பத்திரமாக மடித்து வைத்திருந்தது, தீவுக்குள் நுழைந்து பொருள் எடுத்ததை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தின் நகல். கட்டிய பணத்துக்கு ரசீதே இல்லை. இரண்டாவது, படகைப் பறிமுதல் செய்தால் மகஜரின், அதாவது பறிமுதல் விவரம் எழுதிய பதிவின் நகலை அன்றே எழுத்தில் கேளுங்கள், படகு அரசுடைமை ஆகிவிடும் ஆபத்து உண்டு. மூன்றாவது கடல் அட்டை. 2001 முதல் அது அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில் உள்ள உயிரினம், குறைந்தபட்சம் மூன்று வருடச் சிறை, சமரசத்துக்கு வழியில்லை. பாசி மூட்டையோடு யாராவது அதைத் தந்தனுப்பினால் தொடாதீர்கள்.

வயதானவர்களின் வாக்குமூலமே சான்று என்று வன உரிமை விதிகளின் 13ஆம் விதி ஏற்கிறது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ஆகவே ஊரில் எழுபது தாண்டியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, படித்துக்காட்டி, தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். கோயிலின் படம், பழைய கெஜட்டியரில் ஊர்ப்பெயர் வரும் பக்கம், சங்கு குளிப்பு உரிமத் தாள் என்று கிடைப்பதைச் சேருங்கள். 1972 சட்டத்தின் 21ஆம் பிரிவுப் பிரகடனம், 24ஆம் பிரிவு உத்தரவுகளின் நகல் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலும் நமக்கு ஆவணம்தான். மே 1 கிராம சபையில் சமூக உரிமைக்கான படிவத்தை வைத்துத் தீர்மானம் போடலாம், அது தவறினால் ஆகஸ்ட் 15.