ஊழியம் என்றால் யாருடைய வேலை?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், "மூத்தவன் பேங்க்ல இருக்கான், இளையவன் ஊழியத்துல இருக்கான்" என்பது போலப் பதில் வரும். கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும். மூத்தவன் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். இளையவன் பிரசங்கம் செய்கிறான், அல்லது குருவானவருக்குப் படிக்கிறான், அல்லது வடநாட்டில் ஏதோ ஒரு மிஷனெரிச் சங்கத்தில் இருக்கிறான். இந்தப் பாகுபாடு நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ஊழியம் என்ற சொல்லுக்குள் அது இல்லை. வேரைப் பார்த்தாலும் இல்லை, வேதாகமத்தில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்த இடங்களைப் பார்த்தாலும் இல்லை.

முதலில் வேர். ஊழியம் வடமொழியிலிருந்து வந்ததல்ல, திராவிடச் சொல். மலையாளத்திலும் ஊழியம், கன்னடத்தில் ஊளிக, தெலுங்கில் ஊடிகமு. நான்கிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: மேலே இருக்கும் ஒருவருக்குக் கீழே நின்று செய்யும் வேலை. கோயிலுக்கு, குருவுக்கு, அரசனுக்கு, நிலத்துக்கு உடையவனுக்கு. கூலி பேசி, மனமிருந்தால் போய்ச் செய்கிற வேலையாக அது இருந்ததில்லை. கடமையாக ஒருவன் தலையில் விழுந்த வேலை. கன்னடத்தில் நிலப்பிரபுத்துவ முறைக்கு இன்றும் 'ஊளிகமான்ய' என்றே பெயர். தெலுங்கில் ஒருவன் இன்னொருவனுக்கு ஊடிகம் செய்கிறான் என்றால் அதில் தாழ்வின் தொனி இருக்கும்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தச் சொல்லுக்குக் கசப்பான ஒரு வாழ்க்கை இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அன்றைக்குத் திருவிதாங்கூர். அங்கே அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்குப் பெயரே ஊழியம்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சங்கத்தார் இதை எதிர்த்தார்கள்; கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமையிலும் ஊழியத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை நிறுத்தும்படி கேட்டார்கள். அதாவது, ஊழியம் செய்யாமல் ஆலயத்துக்குப் போக அனுமதி வேண்டும் என்று ஒரு தலைமுறை கெஞ்சியது. அந்தச் சொல்லைத்தான் அடுத்தடுத்த தலைமுறைகள் ஆலயத்துக்குள் நடக்கும் வேலைக்குச் சொல்லி வருகின்றன. இதை நினைத்துப் பார்க்காமல் அந்தச் சொல்லை நாம் எளிதாக உச்சரித்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது வேதாகமம். நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871இல் வெளிவந்தது. அதற்கு முன்னே 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரும் (நம் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்பார்கள்) தமிழ் வேதாகமத் திருத்தத்தில் உழைத்தவர். தலைமை எப்படிப்பட்டது என்று இயேசு சீஷருக்குச் சொன்ன இடம் மாற்கு 10ஆம் அதிகாரம். "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்று ஒரு வசனம். அடுத்ததில், முதன்மையானவனாயிருக்க விரும்புகிறவன் "எல்லாருக்கும் ஊழியக்காரனாயிருக்கக்கடவன்." கிரேக்க மூலத்தில் இங்கே இரண்டு வேறு சொற்கள். முதலாவது தியாக்கோனோஸ்: பந்தியில் நின்று பரிமாறுகிறவன், ஏவல் செய்கிறவன். இரண்டாவது தூலோஸ்: அடிமை, விலைக்கு வாங்கப்பட்டவன். தமிழ் மொழிபெயர்ப்பில் அடிமைக்கு நேராக நிற்கும் சொல் ஊழியக்காரன். ரோமருக்கு எழுதும்போது பவுல் தன்னை "இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன்" என்று சொல்வதும் அதே தூலோஸ்தான். பதவிப் பெயராக அவர் அதைச் சொல்லவில்லை. நான் எனக்குச் சொந்தமில்லை, எனக்கு எஜமான் இருக்கிறார் என்கிறார்.

அக்கம்பக்கத்து மொழிகள் இந்த இடத்தில் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்ற வசனத்துக்கு மலையாளம் சுச்ரூஷ என்கிறது, தெலுங்கு பரிசாரம் என்கிறது, கன்னடம் சேவெ என்கிறது. மூன்றும் வடமொழிச் சொற்கள். மரியாதை குறையாத சொற்கள். ஊளிகத்தையும் ஊடிகத்தையும் அவர்கள் அந்த இடத்தில் வைக்கவில்லை. தமிழ் மட்டும் வயலிலும் அரண்மனைக் கொல்லையிலும் கிடந்த சொல்லை எடுத்து மனுஷகுமாரன் மேல் வைத்திருக்கிறது. இதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த ஒரு பேறு என்றே நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் இன்னும் ருசியானது. கிரேக்க யூதர்களின் விதவைகள் "அன்றாட விசாரணையில்" கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. பன்னிருவரும் "பந்திவிசாரணை" செய்வது தங்களுக்குத் தகுதியல்ல என்கிறார்கள். ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். தாங்களோ தேவவசனத்தைப் போதிக்கிற "ஊழியத்தில்" தரித்திருப்போம் என்கிறார்கள். தமிழில் வாசிக்கும்போது விசாரணை ஒரு தட்டு, ஊழியம் அதற்கு மேலே ஒரு தட்டு என்று தோன்றும். கிரேக்கத்தில் அப்படியில்லை. மூன்று இடத்திலும் ஒரே சொல்தான்: தியாக்கோனியா, அல்லது அதன் வினைவடிவம். விதவைக்குச் சோறு போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதும் தியாக்கோனியா, வசனத்தைப் போதிப்பதும் தியாக்கோனியா. மார்த்தாள் வீட்டுச் சமையலும் அதே சொல்தான். தமிழில் அங்கே "பற்பல வேலைகள்" என்று வந்திருக்கிறது. பேதுருவின் மாமி காய்ச்சல் விட்டு எழுந்து செய்ததும் அதுவே; அங்கே "பணிவிடை". ஒரே சொல்லுக்கு அடுப்படியில் வேலை என்றும் பிரசங்கத்தில் ஊழியம் என்றும் பேர் வந்துவிட்டது. இடத்துக்கு ஏற்ற நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தமிழ் வாசகருக்கு மறைந்துபோயிற்று.

சரி, தலைமைக்கு வருவோம். இப்போது பயிற்சி முகாம்களில் 'தலைமைத்துவம்' என்கிறார்கள். 'தலைமை' என்றாலே போதும். -த்துவம் தேவையில்லாத வால். பழைய மொழிபெயர்ப்பில் தலைவருக்கு என்ன சொல் வருகிறது தெரியுமா? ரோமர் 12:8இல் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்". முன்னே நின்று நடத்துகிற ஆள் என்ற பொருளில் அங்கே முதலாளி. இன்றைக்குக் கடைக்காரரையும் ஆலைக்காரரையும் குறிப்பதாகிவிட்டதால் இந்த வசனம் பலருக்குப் புரிவதில்லை. பேராயருக்குரிய கிரேக்கச் சொல்லான எப்பிஸ்கோப்பொஸுக்கோ 'கண்காணி'. பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் "கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்" என்று தொடங்குகிறது. அந்த உதவிக்காரரும் தியாக்கோனோஸ்தான். நம் மாவட்டத்துக்காரருக்குக் கண்காணி என்றால் இன்னொரு ஆள் நினைவுக்கு வருவான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனவனும், அங்கே அவர்களை மேய்த்தவனும், அவர்கள் பெயரில் கடன் எழுதியவனும் கங்காணி. அதே சொல்லின் பேச்சு வடிவம். கண் வைத்திருப்பது இரண்டு பேருக்கும் பொது. ஒருவன் வேலை வாங்குவதற்காகக் கண் வைத்தான். மற்றவன் ஒருவரும் விடுபட்டுப் போகக் கூடாது என்று கண் வைக்க வேண்டியவன். சபையில் பொறுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும், அது திருமண்டலப் (பேராயரின் எல்லை) பொறுப்போ சேகரப் (ஒரு குருவின் கீழுள்ள சபைகள்) பொறுப்போ, இந்த இரண்டில் எந்தக் கண் தம்முடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்தல் காலத்தில் நம் சேகரங்களில் ஏறுகிற சூட்டைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'விசாரிப்பது'. "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். விசாரணை என்றால் இன்று போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. ஆனால் கத்தோலிக்கர் பழைய வழக்கில் பங்குக்கு விசாரணை என்றும் பங்குத்தந்தைக்கு விசாரணைக் குரு என்றும் சொன்னார்கள். நம் ஊரில் இன்னமும் பந்தியில் நின்று "நல்லா விசாரிச்சுப் போடுங்க" என்று சொல்வது உண்டு. சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார், குழம்பு எட்டாத இலை எது என்று பார்த்துப் போடு என்று பொருள். கிறிஸ்தவத் தலைமைக்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பண்டிகை நாளில் ஏதாவது ஒரு கிராமத்துச் சபையின் அசனத்துக்குப் போக வேண்டும். அசனம் என்றால் வடமொழியில் உணவு. நம் பக்கத்தில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. முந்தின இரவே காய் நறுக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். ஆசிரியர், கொத்தனார், மும்பையிலிருந்து லீவில் வந்தவர், எல்லாரும் ஒரே பாயில். கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது புகையில் நிற்கிறவருக்கு யாரும் சால்வை போடுவதில்லை. வர முடியாத நோயாளி வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் கொண்டுபோக ஒரு ஆள் இருப்பார்; யார் யார் வீட்டுக்கு என்ற பட்டியல் அவர் மனதில் இருக்கும். அப்போஸ்தலர் 6இல் அந்த ஏழு பேருக்குக் கொடுத்த வேலை இதுதான். அதற்கு அவர்கள் தலையில் கைவைத்து ஜெபம்பண்ணினார்கள்.

அப்படியானால் ஊழியம் எப்படிச் சுருங்கியது? மிஷன் என்ற அமைப்பு வந்ததில் ஒரு பங்கு இருக்கிறது. மிஷன் என்பது அனுப்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார்தான் அதை ஊர்விட்டு ஊர் போய்ச் செய்யும் வேதப்பணிக்கு வழங்கத் தொடங்கினார்கள். நம் ஊரிலோ அது அனுப்புதலையும் விட்டு, கட்டடமாயிற்று: மிஷன் ஸ்கூல், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு. காம்பவுண்டுக்குள் சம்பளப் பட்டியலில் இருந்த உபதேசியாரும் ஐயரும் ஊழியர். வெளியே பனையேறியவர் விசுவாசி. பிறகு கன்வென்ஷன் கூட்டங்களில் "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுங்கள்" என்ற அழைப்பு வந்தது. அந்த அழைப்பைக் கேட்டுப் போனவர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. முழுநேரம் என்ற அடைமொழிதான் மற்ற எல்லாரையும் நேரமில்லாதவர்களாக்கிவிட்டது.

இதைச் சரியாகப் பிடித்தவர் நம் ஊர்க்காரரே. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாக முன்நின்றவர். நம் மக்களின் காசில், நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பிய சங்கம் அது. பிறகு அவரே தோர்ணக்கல் போனார், தெலுங்கு படித்தார், 1912இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத மாலா, மாதிகா மக்கள். மற்றவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேல் தாமே வைத்துக்கொண்டு, தாம் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்று சொல்லி, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் வார்த்தையையும் சொல்லும்படி அசரியா பழக்கினார். குருவுக்குக் கைவைத்து அருட்பொழிவு செய்கிற செயலை அந்தக் கூலிக்காரரின் தலைக்குக் கொண்டுவந்தார். மறுநாள் அவர் நாற்று நடப் போவார். அங்கேதான் அவர் மிஷனெரி.

இடையன்குடியிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே மிஷனெரியாக இருந்த கால்டுவெல் ஐயரை மொழிநூலுக்காக உலகம் அறியும். அவர் மனைவி எலைசா அம்மாள் நாகர்கோவிலில் மிஷனெரிக் குடும்பத்தில் வளர்ந்தவர், தமிழைச் சிறு வயதிலிருந்தே பேசியவர். இடையன்குடிப் பெண்களுக்கு அவர் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையில் தங்கள் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. எத்தனையோ பிரசங்கம் செய்யாததை அந்த நூலும் ஊசியும் செய்தன. அதை ஊழியத்தின் துணைவேலை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஊழியமேதான்.

இனி, சரியான தமிழ் எது? தொண்டு நல்ல சொல். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு மாற்கு 10இல் தொண்டர், தொண்டு என்றே சொல்கிறது. பக்தி இலக்கியத்தின் மணம் அதில் உண்டு. அரசியல் கட்சியின் சத்தமும் இப்போது கலந்துவிட்டது. பணி எங்கும் செல்லும், ஆனால் அலுவலகப் பணிக்கும் அதுவே. சேவை வடமொழி. மிஷனுக்கு 'அருட்பணி' பொருத்தமான ஆக்கம். ஆனால் கத்தோலிக்க வழக்கில் அது குருமார் பெயருக்கு முன்னே போடும் பட்டமாகி, அதுவும் ஓர் ஆளைச் சுற்றி நின்றுவிட்டது. அனுப்புதலின் பொருள் வேண்டும் இடத்தில் 'அனுப்பப்படுதல்' என்றே விரித்துச் சொல்லலாம். "பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்" என்ற வசனத்துக்கு எந்தக் கலைச்சொல்லும் தேவைப்படவில்லையே.

ஊழியத்தை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு சொல் தேடுவதைவிட, இருக்கும் சொல்லை அதன் முழு அகலத்துக்கு விரிக்கலாம். ஞாயிறு ஆராதனையில் "ஊழியர்களுக்காக ஜெபிப்போம்" என்று தொடங்கும்போது ஐயர், உபதேசியார், வடநாட்டு மிஷனெரிகள் பெயரோடு, இராத்திரி வார்டில் நிற்கும் நர்ஸ், உப்பளத்துக்குப் போகிறவர்கள், பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மா, பஸ்ஸில் வயசானவருக்காகக் கூட ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்கிற கண்டக்டர் என்று அந்தச் சபையில் இருக்கிறவர்களையே ஒவ்வொரு வாரமும் சேர்த்துச் சொல்லலாம். சபைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு வருஷத்துக்குப் போதுமான பெயர்கள் இருக்கும்.