பென்டிரைவுக்கு ஒற்றைப்படை நொடி தெரியாது

"பழைய போட்டோக்களைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். உருவாக்கிய தேதி இன்று, கடைசியாகத் திருத்திய தேதி 2016 என்று காட்டுகிறது. பிறப்பதற்கு முன்பே எப்படித் திருத்த முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் காட்டுவது சரிதான். இந்தத் தேதிகள் கோப்புக்குள் இருப்பவை அல்ல. வட்டை நிர்வகிக்கும் கோப்பு முறைமை தன் பதிவேட்டில் தனியாக எழுதிக்கொள்பவை. நகலெடுக்கும்போது புது வட்டில் புதுக் கோப்பு ஒன்று பிறக்கிறது, ஆகவே அதன் பிறந்தநாள் இன்று. திருத்திய நேரத்தை மட்டும் விண்டோஸ் பழையதைப் பார்த்து எழுதிவிடுகிறது. லினக்ஸில் நகலெடுக்கும் சிபி கட்டளை அதைக்கூடத் தானாகச் செய்யாது, பி என்ற விருப்பத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். (கேமரா பதிந்த நேரம் எக்ஸிஃப் தகவலாகப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆபத்தில்லை.)

வெளியிலிருந்து எழுதக்கூடிய தேதி என்பதால் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். லினக்ஸில் டச் என்ற ஒரே கட்டளை போதும். "ஃபைல் தேதியைப் பாருங்க, அன்னைக்கே எழுதிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு சண்டைக்கு வருபவர்களை நான் நம்புவதே இல்லை.

இனி எனக்குப் பிடித்த இடம். பல பென்டிரைவுகளில் இன்றும் இருப்பது ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமை. அதில் திருத்திய நேரத்துக்கு, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலேயே ஒதுக்கிய இடம் 16 பிட். (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம். 5 பிட்டில் 32 எண்கள் அடங்கும், 6 பிட்டில் 64.) மணி 0 முதல் 23 வரை, அதற்கு 5 பிட். நிமிடம் 0 முதல் 59 வரை, 6 பிட். நொடிக்கும் 6 பிட் வேண்டும். கூட்டினால் 17! ஒரு பிட் இடிக்கிறது. என்ன செய்தார்கள்? நொடியை இரண்டால் வகுத்து 0 முதல் 29 வரை ஆக்கி, 5 பிட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். அதனால் 10:15:37 என்ற நேரம் பென்டிரைவுக்குப் போனதும் 36 நொடியாகவோ 38 ஆகவோ மாறிவிடும். தேதிக்கும் 16 பிட்தான்: ஆண்டுக்கு 7, மாதத்துக்கு 4, நாளுக்கு 5. ஆண்டு 1980-இல் தொடங்கி 2107-இல் முடிகிறது.

ஒரு நொடிதானே என்று விடமுடியாது. ஆர்சிங்க் போன்ற, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் நிரல்கள் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் கோப்பு மாறியதா என்று முடிவு செய்கின்றன. ஒரு நொடி பிசகினாலும் மாறாத கோப்பை மறுபடி நகலெடுக்கும். ஆர்சிங்கின் மாடிஃபை-விண்டோ என்ற விருப்பத்தில் 1 என்று கொடுத்தால் அந்த ஒரு நொடியைப் பொருட்படுத்தாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரின் வட்டில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. ஃபேட்32 சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறது. எந்த ஊர்க் கடிகாரம் என்று குறிப்பதில்லை. சென்னையில் காலை 10 மணிக்குத் திருத்திய கோப்பை சிங்கப்பூரில் திறந்தால் அங்கேயும் 10 மணிதான். உண்மையில் அப்போது அங்கே 12:30. அதை அங்குள்ள கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் இரண்டரை மணி நேரப் பிழை நிலைத்துவிடும்.

ஜிப்பில் கட்டினால் தப்பலாமா? அதன் அடிப்படை வடிவமும் அதே டாஸ் நேரம்தான். அதோடு துல்லியமான நேரத்தையும் தனியே ஒரு கூடுதல் புலத்தில் எழுதும் நிரலாக இருந்தால் சரி. கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் இன்னொரு வடிவமான டார் அப்படியில்லை, 1970-லிருந்து எண்ணிய நொடிகளைப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் 10-இலும் 2018 முதல் டார் கட்டளை கூடவே வருகிறது. போட்டோக்களை அதில் கட்டி, பென்டிரைவில் போட்டு, அங்கே போய்ப் பிரியுங்கள். கட்டு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது, அப்போது இரண்டாகக் கட்டிக்கொள்ளுங்கள்.